அரைப் பவுனுக்கு இத்தனை உதையா?

பத்து ரவுண்டு சுட்டேன். பேப்பரில் ஏழு ஓட்டைதான் இருந்தது. அந்த ஏழில் ஆறு, கறுப்பு வட்டத்துக்குக் கீழே இடது பக்கமாக, பந்தியில் இடம் பிடிக்க முண்டியடிக்கிற கூட்டம் மாதிரி ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு கிடந்தன. மிச்சம் மூன்று எங்கே போயின என்பது பேப்பருக்குப் பின்னால் இருக்கிற மண்மேட்டுக்குத்தான் தெரியும்.

“என்ன தம்பி, மண்ணு திங்கிற துப்பாக்கியா வாங்கியிருக்க?” என்றார் ஏட்டையா.

அவர் ஆயுதப்படையில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்து, சிறப்பு எஸ்.ஐ.யாக ஓய்வு பெற்றவர். இருந்தாலும் எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லாருக்கும் ஏட்டையாதான். சொந்த ஊர் உசிலம்பட்டிப் பக்கம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தூக்குவாளி நிறையப் பருத்திப்பால் வாங்கிக்கொண்டு வந்துவிடுவார். நன்றாகச் சுட்டவனுக்கு முதல் டம்ளர். அன்றைக்கு எனக்குக் கிடைத்தது கடைசி டம்ளர், அதுவும் அடியில் தேங்கின சுக்கோடு.

எனக்கு வயது 52. மதுரை தெற்கு ஆவணி மூல வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில் நகைப் பட்டறை. அப்பா உட்கார்ந்த பட்டடை முன்னால்தான் நானும் உட்கார்கிறேன். உருப்படி முடித்துக் கடைகளுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சத் தங்கத்தை மடியில் கட்டிக்கொண்டு ராத்திரி பத்தரைக்கு வீடு திரும்புகிற பிழைப்பு. 1980-களில் எங்கள் சந்தில் ஒரு களவு போன பிறகு அப்பா துப்பாக்கி உரிமம் எடுத்தார். அவர் வைத்திருந்தது .32 வெப்லி ரிவால்வர், மார்க் 4. இங்கிலாந்தில் செய்தது, காரைக்குடியில் ஒரு செட்டியார் வீட்டிலிருந்து கைமாறி வந்தது. நடுவில் மடக்கித் திறந்தால் காலித் தோட்டா ஆறும் தானாகத் தூக்கிக்கொண்டு வெளியே விழும். அப்பா கிளப்புக்குக் கூட்டிப் போனால் எனக்கு அதுதான் வேடிக்கை. அதன் பிடி உள்ளங்கையை உறுத்துகிறது என்று, தோதகத்திக் கட்டையில் இரண்டு பக்கப் பிடியையும் தானே அரம் போட்டு இழைத்து மாட்டியிருந்தார்.

2019-ல் அப்பா தவறினார். வாரிசு முறையில் நான் மனுப் போட்டேன். மாநகர எல்லைக்குள் வீடு என்பதால் கமிஷனர் அலுவலகம். ஊர்ப்பக்கம் என்றால் கலெக்டர். விசாரணை, பாதுகாப்புப் பயிற்சிச் சான்று, நடை, மறுபடி நடை. அதை எழுதினால் தனிப் பதிவு ஆகிவிடும்.

உரிமம் கைக்கு வந்ததும் நான் செய்த முதல் காரியம், அந்த வெப்லியை விற்றது.

காரணம் சொல்கிறேன். அது இடுப்பில் இருந்தால் பேன்ட் ஒரு பக்கமாக இறங்கும். அதோடு, எங்கள் வீட்டில் அப்பா கை மட்டும் முறம் மாதிரி. எனக்கு அம்மா கை, விரலெல்லாம் குட்டை. அப்பா செதுக்கின பிடி எனக்குக் கடப்பாரையைப் பிடித்த மாதிரி இருந்தது. துப்பாக்கிக் கடைக்காரர் என் கையைப் பார்த்துவிட்டு ஒரு குட்டி .32 பிஸ்டலை எடுத்து வைத்தார். “உங்க கைக்கு இதுதாண்ணே அம்சம். பாக்கெட்ல வச்சா இருக்கதே தெரியாது.”

அவர் சொன்னது உண்மை. இருக்கிறதே தெரியவில்லை. சுடும்போது மட்டும் தெரிந்தது.

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் இருக்கிற கவட்டையில் முதல் நாளே இரண்டு சிவப்புக் கோடு. பிஸ்டலின் மேல்பாகமான ஸ்லைடு, சுட்டதும் பின்னால் ஓடி வரும்போது உரசின தடம். பின்பக்கம் கையைக் காப்பாற்றுகிற மாதிரி நீட்டின நாக்கு, அந்தக் குட்டிக்கு இல்லை. சுண்டுவிரலுக்குப் பிடியில் இடமே இல்லை, காற்றில் தொங்கியது. ஒவ்வொரு ரவுண்டுக்கும் துப்பாக்கி கையைவிட்டுக் கழன்றுவிடும் போல் எகிறியது. நான் கண்ணை மூடிக்கொண்டு சுட்டிருக்கிறேன் என்பதை என் அக்கா மகள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஏட்டையா எதுவும் விளக்கவில்லை. மேகசினை என்னிடமிருந்து வாங்கி, திரும்பி நின்று, அவரே தோட்டா நிரப்பிக் கொடுத்தார். நடுநடுவே டம்மி ரவுண்டு, அதாவது வெடிக்காத போலித் தோட்டா, போட்டிருக்கிறார், எனக்குச் சொல்லவில்லை. முதல் இரண்டு வெடித்தது. மூன்றாவது ‘டிக்’ என்றது. வெடிக்கவில்லை. ஆனால் துப்பாக்கியின் மூக்கு, கோழி தீனி கொத்துகிற மாதிரி, ஒரு சாண் கீழே இறங்கிப் போய் நின்றது. நானே பார்த்தேன். கிளப்பில் பத்துப் பேரும் பார்த்தார்கள்.

“இப்ப உதைச்சது துப்பாக்கியா, நீயா?” என்றார்.

உதை வரப்போகிறது என்று கை முன்கூட்டியே பயந்து அமுக்குகிறது. வலது கைக்காரன் அப்படி அமுக்கினால் விரல்கள் எல்லாம் சேர்ந்து இறுகி, குண்டு கீழே இடது பக்கம் போய் உட்காரும். என் ஏழு ஓட்டையின் ரகசியம் அவ்வளவுதான். துப்பாக்கி மேலே எகிறுவதால் குறி தப்புவதில்லை. கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு அது எகிறும்போது குண்டு குழலைவிட்டுப் போயே போய்விட்டது. குறியைக் கெடுப்பது அதற்கு முந்தின நொடியில் கையில் வருகிற பயம்.

அன்றைக்கு ராத்திரி வீட்டில் மேகசினைக் கழற்றி, குழலின் பின்பக்கம் தோட்டா உட்காருகிற சேம்பரை இரண்டு தடவை பார்த்து, தோட்டாவைப் பீரோவில் பூட்டிவிட்டு, துப்பாக்கியைத் தராசில் வைத்தேன். தட்டான் புத்தி, எதையும் நிறுத்துப் பார்க்காமல் தூக்கம் வராது. 505 கிராம். அப்பாவின் பழைய நோட்டில், யாருக்கு எத்தனை பவுன் வளையல் என்கிற கணக்குக்கு நடுவே, ஒரு வரி இருந்தது: ‘ரிவால்வர் — 758’. அவரும் நிறுத்திருக்கிறார்.

துப்பாக்கிக்காரர்கள் குண்டின் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். தாத்தா காலத்தில் நாங்கள் குன்றிமணி போட்டு நிறுத்தோம், வெள்ளைக்காரன் பார்லி மணியை வைத்துக் கணக்குப் பண்ணினான், அதுதான் கிரெய்ன். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். என் பிஸ்டலின் குண்டு 71 கிரெய்ன், அதாவது 4.6 கிராம். அரைப் பவுனும் சொச்சமும். அப்பாவின் ரிவால்வர் வேறு தோட்டா, .32 லாங். அதன் ஈயக் குண்டு 98 கிரெய்ன், 6.35 கிராம், முக்கால் பவுனுக்கு மேல். போலீஸ்காரர்கள் கையில் இருக்கிற 9 எம்.எம். துப்பாக்கியின் 124 கிரெய்ன் குண்டு சரியாக ஒரு பவுன். (அது தடை செய்த குழல் அளவு, நம்மைப் போன்றவர்களுக்கு உரிமம் கிடைக்காது.)

முக்கால் பவுனைத் தள்ளின துப்பாக்கி சாதுவாக இருந்தது. அரைப் பவுனைத் தள்ளுகிறது கையைக் கடிக்கிறது. இது எப்படி?

அக்கா மகள் பி.எஸ்சி. இயற்பியல். காலண்டர் தாளின் பின்பக்கம் கணக்குப் போட்டுக் காட்டினாள். குண்டு முன்னால் போகிற தள்ளு எவ்வளவோ, அதே தள்ளு துப்பாக்கிக்குப் பின்னால். குண்டின் எடையை அதன் வேகத்தால் பெருக்கி, துப்பாக்கியின் எடையால் வகுத்தால், துப்பாக்கி எந்த வேகத்தில் கைக்குள் வந்து இடிக்கிறது என்று தெரியும். என் பிஸ்டல் குண்டு நொடிக்குச் சுமார் 270 மீட்டர். 505 கிராமால் வகுத்தால் துப்பாக்கி பின்னால் வருகிற வேகம் நொடிக்குக் கிட்டத்தட்ட இரண்டரை மீட்டர். அப்பாவுடையது குண்டு கனம், ஆனால் நிதானம், சுமார் 215 மீட்டர். 758-ஆல் வகுத்தால் 1.8 மீட்டர்தான் வருகிறது.

“எரிஞ்ச மருந்தும் வாயுவா வெளிய போகுது, அதையும் சேர்க்கணும் மாமா. இது தோராயந்தான். ஆனா சக்தின்னு பார்த்தா வேகத்தை வர்க்கம் எடுக்கணும். உங்க குட்டிக்கு உதை கால் பங்கு கூட.”

கால் பங்குதானா என்று நினைத்தேன். ஆனால் அந்தக் கால் பங்கு, சுண்டுவிரல் இல்லாத பிடியில், இரண்டு விரல் அகல உலோகத்தின் வழியாக, கவட்டையில் ஒரே இடத்தில் வந்து இறங்குகிறது. அப்பாவின் மரப்பிடி அதை உள்ளங்கை முழுக்கப் பரத்திவிட்டது. அதோடு இந்தக் குட்டி பிஸ்டல்களில் ஸ்லைடைப் பூட்டிப் பிடிக்கிற ஏற்பாடு எதுவும் கிடையாது. ஸ்லைடின் சொந்தக் கனமும் ஸ்பிரிங்கின் முரட்டுத்தனமும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் ஸ்பிரிங் கெட்டியாக இருக்கும், ஸ்லைடு வெடுக்கென்று பின்னால் போய் முட்டும். உதை மெதுவாகத் தள்ளாமல் சுள்ளென்று அடிக்கும்.

எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருடமாகப் பட்டடையில் சுத்தியல் போடுகிறவன் நான். பட்டடை லேசாக இருந்தால் ஒவ்வொரு அடிக்கும் துள்ளும், தகடு நெளியும், கை நோகும். கனமாக இருந்தால் அடியை வாங்கிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும். புதிதாக வருகிற பையனுக்கு முதல் நாளே இதைச் சொல்லித் தருகிறேன். துப்பாக்கி வாங்கப் போனவனுக்கு மட்டும் மறந்துவிட்டது.

இதைத்தான் கேட்கிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். சின்னக் கைக்குச் சின்னத் துப்பாக்கி என்பது கடைக்காரர் கணக்கு. கை சின்னது என்றால் பிடி சின்னதாக, ஒடிசலாக இருக்க வேண்டும். துப்பாக்கி கனமாகத்தான் இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அளவு.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். 2014-ல் கான்பூர் ஃபீல்டு கன் ஃபேக்டரி ‘நிர்பீக்’ என்று ஒரு .32 ரிவால்வர் கொண்டுவந்தது. 2012 டெல்லி பாலியல் வன்கொடுமைக்குப் பிறகு பெண்களுக்காக என்று சொன்னார்கள். டைட்டானியம் கலந்த உலோகம், 500 கிராம், விலை ஒரு லட்சத்துக்கு மேல். அதை மெரூன் நிற நகைப்பெட்டியில் வைத்துக் கொடுத்தார்கள். நகைப்பெட்டியைப் பற்றிக் கருத்துச் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நினைக்கிறேன்! அந்த ரிவால்வரை நான் சுட்டதில்லை, நல்லது கெட்டது சொல்ல மாட்டேன். ஆனால் பெண் என்றால் லேசாகக் கொடு என்கிற அந்த நினைப்பு இருக்கிறதே, அது தராசுக்கே எதிரானது. லேசானது கைப்பைக்குச் சுகம், கைக்கு இல்லை. ஏட்டையா எத்தனையோ பெண் காவலர்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுத்தவர். இஷாப்பூரில் செய்கிற 9 எம்.எம். பிஸ்டல் தோட்டாவோடு சேர்த்தால் ஒரு கிலோ பக்கம் வரும். “அந்தப் பிள்ளைக அதுலதேன் அடிச்சாங்க. ஆம்பளைப் பயலுகளவிட நல்லாவே அடிச்சாங்க. ஏன்னா சொன்னதைக் கேட்டுச்சுக. இவய்ங்க சினிமாவுல பார்த்ததைச் செஞ்சாய்ங்க.”

சரி, கைக்குப் பொருத்தம் என்பதை எப்படி அளப்பது?

வளையலுக்கு அளவு எடுக்கும்போது மணிக்கட்டை அளந்தால் அவன் தட்டான் இல்லை. கட்டைவிரலை உள்ளே மடக்கச் சொல்லி, முட்டி எலும்புகளைச் சுற்றித்தான் அளப்போம். வளையல் உட்காருகிற இடம் வேறு, தடுக்கிற இடம் வேறு. துப்பாக்கிக்கும் அப்படி ஒரு முட்டி உண்டு. பிடியின் முதுகிலிருந்து டிரிகர் வரைக்கும் உள்ள தூரம் அது. ஏட்டையா காட்டித் தந்த முறை: துப்பாக்கி காலி என்று இரண்டு பேர் பார்த்த பிறகு, கவட்டையைப் பிடியின் முதுகில் நடுவாக, எவ்வளவு மேலே போகுமோ அவ்வளவு மேலே வைக்க வேண்டும். மேலிருந்து பார்த்தால் குழலும் முன்கை எலும்பும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். அப்படி இருக்கும்போது ஆள்காட்டி விரலின் முதல் கண்ணு, அதன் சதைப்பகுதி, டிரிகரில் நேராகப் படிகிறதா என்று பார்க்க வேண்டும். படிந்தால் அது உன் துப்பாக்கி.

விரல் எட்டவில்லை என்றால் நாம் என்ன செய்கிறோம்? நமக்கே தெரியாமல் துப்பாக்கியைக் கைக்குள் சுழற்றி, டிரிகரை விரலுக்குப் பக்கத்தில் கொண்டுவருகிறோம். அப்போது உதை முன்கை வழியாகத் தோளுக்குப் போகாமல், கட்டைவிரல் அடிமூட்டில் வந்து இறங்கும். போகப் போக அந்த மூட்டு நோகும். நான் அரம் பிடிக்கிற கை அது, அதில் விளையாட முடியாது. அப்பாவின் வெப்லி எனக்கு ஏன் ஒத்துவரவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. கனம் காரணம் இல்லை. அவர் தன் முறக் கைக்கு மொத்தமாகச் செதுக்கின பிடியால் டிரிகர் எனக்கு எட்டாமல் போயிருக்கிறது. பிடியை மாற்றியிருந்தால் போதும். நான் துப்பாக்கியையே மாற்றிவிட்டேன்.

அடுத்தது சுண்டுவிரல். அது பிடியில் உட்கார்ந்தே ஆக வேண்டும். அது தொங்கினால் துப்பாக்கி எகிறும்போது அடியில் பிடித்து இழுக்க ஆள் இல்லை. சில பிஸ்டலுக்கு மேகசின் அடியில் விரல் வைக்க ஒரு நீட்டம் மாட்டிக்கொள்ளலாம், ஓரளவுக்குக் கைகொடுக்கும்.

பிஸ்டல் வாங்குகிறவர்கள் கடையிலேயே ஸ்லைடை இழுத்துப் பார்க்க வேண்டும். என் மனைவி ஒரு தடவை கிளப்புக்கு வந்து, இரண்டு விரலால் கிள்ளி இழுத்துப் பார்த்து, “இது துருப்பிடிச்ச ஜன்னலாட்டம்ல இருக்கு” என்றாள். (“இதுக்குப் பேசாம டெய்லி ஆட்டோல வந்திருக்கலாம்” என்பது அவளுடைய நிரந்தரக் கருத்து. அதில் தப்பும் இல்லை.) கிள்ளக் கூடாது. இடது உள்ளங்கையால் ஸ்லைடின் முதுகைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, வலது கையால் பிடியை முன்னால் தள்ள வேண்டும். கிள்ளி இழுப்பதைவிட இப்படித் தள்ளுவதில் வலு அதிகம். துப்பாக்கியின் மூக்கு எப்போதும் மண்மேட்டைப் பார்த்தபடி, விரல் டிரிகருக்கு வெளியே.

பிடிக்கிற விதத்தைப் பற்றி ஏட்டையா சொன்னதில் பாதி எனக்குப் பட்டறையிலேயே தெரிந்த விஷயம். கவட்டை எவ்வளவு மேலே இருக்கிறதோ, அவ்வளவுக்குக் குழல் கைக்குப் பக்கம். குழல் கைக்கு மேலே உயரத்தில் இருந்தால் நெம்புகோல் மாதிரி மணிக்கட்டைத் திருகும். ரிவால்வரில் குழல் கொஞ்சம் உயரம்தான், அதனால் பிடியைத் தாழப் பிடிப்பது தனக்குத்தானே குழி தோண்டுவது. இடது கை சும்மா கீழே தாங்குகிற தட்டு இல்லை. வலது கை மூடாமல் விட்ட பக்கத்தை இடது உள்ளங்கை நிரப்ப வேண்டும், விரல்கள் வலது விரல்கள் மேல் சுற்றிக்கொள்ள வேண்டும், அழுத்தமும் வலதைவிட இடதுக்குத்தான் அதிகம். வலது கைக்கு டிரிகர் வேலை இருக்கிறது. முறுக்கிப் பிடித்தால் விரல் தனியாக அசையாது. கொறடு பிடிக்கிற கை இறுகலாம், சாமணம் பிடிக்கிற கை இறுகக் கூடாது.

ஒரு எச்சரிக்கை. பிஸ்டலில் இரண்டு கட்டைவிரலையும் முன்னால் நீட்டி வைப்பார்கள், நல்லது. அதே பழக்கத்தில் ரிவால்வரைப் பிடித்து இடது கட்டைவிரலை, தோட்டாக்கள் இருக்கிற உருளையான சிலிண்டருக்கு முன்னால் கொண்டுபோய்விடாதீர்கள். சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவில் தாள் அளவு இடுக்கு ஒன்று உண்டு. சுடும்போது அதன் வழியாக வாயு பக்கவாட்டில் பீய்ச்சும். ஊதுகுழல் தீயின் நுனியில் விரலைக் காட்டுகிறவன் எங்கள் தொழிலில் ஒருத்தனும் இல்லை. இது அதைவிட மோசம், தோலைக் கிழிக்கும். ரிவால்வரில் கட்டைவிரலை மடக்கி ஒன்றின்மேல் ஒன்றாகப் போட்டுக்கொள்வதுதான் சரி.

நிற்கிற நிலை: எல்லாப் புதியவனும் செய்கிற மாதிரி நானும் வயிற்றை முன்னால் தள்ளி, தோளைப் பின்னால் சாய்த்து நின்றேன். பாம்பைக் குச்சியில் தூக்கிப் பிடித்தவன் அப்படித்தான் நிற்பான். ஏட்டையா பின்னாலிருந்து ஒரு விரலால் தள்ளினார், தடுமாறினேன். “விரலுக்கே விழுற, உதைக்கு எங்கிட்டு நிப்ப?” இடது காலைக் கொஞ்சம் முன்னால் வைத்து, முழங்காலை லேசாக மடக்கி, நம் மூக்கு கால் பெருவிரலுக்கு மேலே வருகிற அளவுக்கு முன்னால் சாய வேண்டும். முழங்கையைக் கட்டையாக நீட்டிப் பூட்டக் கூடாது. ஆனால் மணிக்கட்டு மட்டும் பூட்டின மாதிரி இருக்க வேண்டும். அது துவண்டால் பிஸ்டலில் ஸ்லைடு முழுக்கப் பின்னால் போகாமல், காலித் தோட்டா வாசலிலேயே சிக்கிக்கொள்ளும். எனக்கு இரண்டு தடவை சிக்கியது. துப்பாக்கி சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தேன். பாவம் அவர்.

அப்புறம் உதையைத் தடுக்கப் பார்க்கக் கூடாது என்பது எனக்குக் கடைசி வரைக்கும் மண்டையில் ஏறாத பாடம். எகிறட்டும். பிடி மாறாமல் இருந்தால் கிளம்பின இடத்துக்கே, குறி பார்க்கிற சைட் திரும்பி வந்து உட்காரும். அது உட்காருகிற வரை டிரிகரை விடாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். பார்ப்பது என்றால் கண் திறந்திருக்க வேண்டும் அல்லவா?

என் கண்ணை மூடவைத்தது உதை இல்லை, சத்தம். அக்கா மகள்தான் கண்டுபிடித்தாள். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கின பிறகு கிளப்புக்கு வந்து சேர்ந்த பிள்ளைகளில் இவளும் ஒருத்தி. 10 மீட்டர் ஏர் பிஸ்டல். 4.5 மில்லிமீட்டர் பெல்லட், ஒரு கையால் சுடுவது, உதை என்று சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அந்த பிஸ்டல் ஒரு கிலோ இருக்கும். விதிப்படி ஒன்றரைக் கிலோ வரைக்கும் போகலாம். லேசாக வேண்டும் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. எங்கள் ரேஞ்சுக்கு மேலே தகரக் கூரை. கைத்துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும், ஒரு வெடியே காதைக் கெடுக்கப் போதும். தகரத்துக்கு அடியில் கேட்க வேண்டாம். அவள் என் காதில் பஞ்சு மாதிரியான அடைப்பானைத் திணித்து, அதற்கு மேல் இயர் மஃபையும் மாட்டிவிட்டாள். அடுத்த ரவுண்டில் துப்பாக்கி பாதியாக இளைத்த மாதிரி இருந்தது. அதே பிஸ்டல், அதே தோட்டா. உதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்ததில் பாதி காதுக்குள் இருந்திருக்கிறது.

அவளிடமிருந்தே இன்னொன்றும் கற்றேன். வெறும் துப்பாக்கியில், தோட்டா அந்த அறையிலேயே இல்லாமல், முன் சைட்டுக்குப் பின்னால் ஒரு ரூபாய் நாணயத்தை வைத்து, அது விழாமல் டிரிகரை அழுத்துவது. முதல் வாரம் நாணயம் பொறுக்கியே இடுப்பு வலித்தது. ரிவால்வர், பிஸ்டல் எல்லாவற்றிலும் இதைச் செய்வதற்கு டம்மி ரவுண்டு போட்டுக்கொள்வது, தோட்டாவைக் குத்துகிற ஊசிக்கு நல்லது. தேர்தல் வந்துவிட்டால் இதுவும் கிடையாது. அறிவிப்பு வந்ததும் துப்பாக்கியை ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லிவிடுவார்கள், 2024-ல் அப்படித்தான் கிட்டத்தட்ட மூன்று மாதம் கை சும்மா இருந்தது. அப்போது முக்கால் கிலோ சுத்தியலை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன், நூறு எண்ணுகிற வரைக்கும். பட்டறைப் பையன் ஒரு வாரம் என்னோடு பேசவே பயந்தான்.

குட்டி பிஸ்டலைப் போன வருடம் கடையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டேன். வெப்லி இருக்கிறதா என்று கேட்டேன். விற்ற ஒரே மாதத்தில் கோயம்புத்தூருக்குப் போய்விட்டதாம். யார் என்று கேட்கவில்லை, கேட்டாலும் சொல்ல மாட்டார்கள். கான்பூரில் செய்த ஸ்டீல் .32 ரிவால்வர் ஒன்று வாங்கினேன். 700 கிராம் பக்கம், மூன்று அங்குலக் குழல், ஆறு தோட்டா. பேன்ட் பழையபடி ஒரு பக்கம் இறங்குகிறது. அகலமான பெல்ட் வாங்கிவிட்டேன், அதற்குத் தீர்வு நூற்றியைம்பது ரூபாயில் இருந்திருக்கிறது. டபுள் ஆக்‌ஷனில், அதாவது பின்னால் இருக்கிற ஹேமரையும் டிரிகரே தூக்கி அடிக்கும்போது, டிரிகர் கடினம், முன்சைட் தந்தி அடிக்கும். பயிற்சிக்கு ஹேமரைப் பின்னால் இழுத்து வைத்து ஒவ்வொன்றாகச் சுடுகிறேன். இதே .32 லாங் தோட்டாதான் 25 மீட்டர் சென்டர் ஃபயர் போட்டியில் ஓடுகிறது. 2006 தோஹா ஆசியப் போட்டியில் ஜஸ்பால் ராணா காய்ச்சலோடு போய் 600-க்கு 590 எடுத்துத் தங்கம் வாங்கினார், அதுவும் ஒரு கையால். நான் இரண்டு கையால் 10 மீட்டரில் நிற்கிறேன். ஒரு தடவைக்கு முப்பது ரவுண்டுக்கு மேல் போவதில்லை. அதற்கு மேல் கை களைத்துவிடும், களைத்த கை பழைய பயத்தைத்தான் திரும்பக் கற்றுக்கொள்கிறது.

பிடி மட்டும் இன்னும் முடியவில்லை. வெப்லியை விற்கும்போது அப்பா செதுக்கின தோதகத்திப் பிடி இரண்டையும் கழற்றிக்கொண்டு, அதன் பழைய கறுப்புப் பிடியை மாட்டித்தான் கொடுத்தேன். எதற்கு எடுத்து வைத்தேன் என்று அப்போது தெரியாது. மேஜை இழுப்பறையில் கிடந்தது. அதை வெளியே எடுத்து அளவுக்கு வைத்துக்கொண்டு, புதுக் கட்டையில் எனக்கு வேண்டியதைப் போட்டுக்கொண்டிருக்கிறேன். பின்னால் மரத்தைச் சேர்த்தால் டிரிகர் தூரமாகிவிடும், அதனால் முதுகில் ஒன்றுமில்லை. பக்கவாட்டில் ஒடிசல். அடியில் மட்டும் சுண்டுவிரலுக்கு ஒரு விரல்கடை நீட்டம். முதல் ஜோடியில் அரம் அதிகமாக ஓடிவிட்டது. இரண்டாவதில் திருகு ஓட்டை தள்ளிப் போனது. இது மூன்றாவது. அப்பாவின் பிடியில் கட்டைவிரல் படிகிற இடத்தில் மரம் வழவழவென்று பள்ளமாகியிருக்கிறது. என் விரல் அந்தப் பள்ளத்துக்குப் போய்ச் சேரவே இல்லை.

அரைகுறைப் பிடியை மாட்டிக்கொண்டு போன ஞாயிறு பத்து சுட்டேன். எட்டு கறுப்புக்குள். தூக்குவாளியைப் பார்த்தேன். ஏட்டையா பேப்பரைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். மிச்சம் இரண்டும் கீழே, இடது பக்கம்.

“துப்பாக்கியக் கொண்டா” என்றார், சட்டைப் பையிலிருந்து டம்மி ரவுண்டு டப்பாவை எடுத்துக்கொண்டே.